பாலையும் பன்னீரையும் பாதியாகக் குறைக்க: சோயாவா, கடலையா, ஓட்ஸா?

பாதிப்பால் (கேள்வி)

வணக்கம். வீட்டில் நான்கு பேர். தினம் ஒன்றரை லிட்டர் பசும்பால் (காபி, தயிர், பிள்ளைக்கு), வாரம் அரைக் கிலோ பன்னீர், ஞாயிறன்று ஒரு கிலோ மட்டன். ஒரேயடியாக விடப்போவதில்லை. எல்லாவற்றையும் பாதியாக்கலாம் என்று எண்ணம். எல்டிஎல் கொழுப்பு ஒரு காரணம், சுற்றுச்சூழல் இன்னொரு காரணம்.

சோயாப்பால், கடலைத்தயிர், டோஃபு மூன்றையும் செய்து பார்த்ததில் வந்த சிக்கல்கள்:

சோயாப்பாலில் பச்சை வாசனை போகவில்லை. வாசனை போகட்டும் என்று குக்கரில் நான்கு விசில் விட்டு அரைத்தால் பால் நீர்த்து, நாக்கில் மணல் மணலாகப் படுகிறது. டோஃபு கத்தி வைத்தாலே உதிர்கிறது (எலுமிச்சை விட்டுத் திரித்தது). கடலைத்தயிர் அடியில் தண்ணீர், மேலே களி, புளிப்பே இல்லை. ஓட்ஸ் பால் காபியில் ஊற்றினால் கொழகொழப்பு.

சத்து விஷயத்திலும் சந்தேகம் உண்டு. பிள்ளைக்கு 7 வயது. மாமியாருக்கு 68 வயது, தைராய்டு மாத்திரையும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். பாதாம் பால்தான் பூமிக்கு நல்லது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், அது எந்த அளவுக்கு உண்மை?

---

அம்மிக்கல்

சோயாவையும் டோஃபுவையும் நான் சொல்கிறேன். கடலைக்கு இங்கே ஆள் இருக்கிறார், வருவார்.

பச்சை வாசனை சோயாவிலேயே இருப்பதில்லை, அரைக்கும் நேரத்தில் உண்டாவது. பருப்பு உடைந்ததும் லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி, தண்ணீரையும் காற்றையும் சேர்த்துக்கொண்டு எண்ணெயைத் தாக்குகிறது. சில நொடிகளில் வாசனை பிறந்துவிடும். அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் முழுதாகப் போகாது, ஏலக்காய் போட்டு மறைக்கத்தான் முடியும். ஆகவே உடைவதற்கு முன்பே நொதியை முடக்க வேண்டும். அதற்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

குக்கர் அந்த வேலையைச் செய்துவிடும், ஆனால் கூடவே புரதத்தையும் பருப்புக்குள்ளேயே வேகவைத்து இறுக்கிவிடும். இறுகிய புரதம் தண்ணீரில் கரையாது, சக்கையோடு போய்விடும். பாலில் மிஞ்சுவது நீரும் நுண்ணிய துகளும். அந்த மணல் இதுதான். வேண்டியது ஐந்து நிமிடக் கொதி, அதற்கு மேல் வேண்டாம்.

முறை: 200 கிராம் சோயாவை ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். சித்திரை வெயிலில் 6 மணி போதும். தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். பருப்பைப் பிளந்தால் உள்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. ஊறிய பருப்பு ஏறக்குறைய 450 கிராம் நிற்கும்.

தண்ணீரை வடித்துவிட்டு, வேறு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதில் கால் டீஸ்பூன் ஆப்பச்சோடா போட்டு, பருப்பைக் கொட்டி ஐந்து நிமிடம். வடித்து, ஆறவிடாமல், கொதிநீர் சேர்த்தே அரைக்க வேண்டும். மொத்தம் 1.6 லிட்டர் கொதிநீர், மூன்று நான்கு தடவையாக. இங்கே ஒரு எச்சரிக்கை: மிக்ஸி ஜாரில் சூடான தண்ணீர் நீராவி கட்டி மூடியைத் தூக்கி எறியும். எவர்சில்வர் ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடிமேல் துணி போட்டு அழுத்திப் பிடித்து, முதலில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டிப் பிறகு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கண்ணாடி ஜார் வேண்டவே வேண்டாம்.

பழைய வேட்டித் துணியில் வடித்துப் பிழியுங்கள். ஒன்றரை லிட்டர் பக்கம் பால் வரும். இனிதான் காய்ச்சுவது. 85 டிகிரி நெருங்கும்போதே பால் பொங்கி வழியும். அது கொதி இல்லை, சோயாவில் இருக்கும் சபோனின் கட்டும் நுரை. பலர் அதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையாமல் பார்த்து, தீயைக் குறைத்து, நுரையை வழித்துவிட்டு, உண்மையாகவே கொதிக்க ஆரம்பித்த பிறகு 15 நிமிடம் சிறுதீயில் வையுங்கள். சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் (டிரிப்சின் தடுப்பி) ஒன்று உண்டு, இந்தக் காய்ச்சலில்தான் அது அடங்கும். அரைகுறையாகக் காய்ச்சிய சோயாப்பால் வயிற்றைப் புரட்டும். கரண்டி அடியைத் தொட்டுக் கிளற வேண்டும், அடிப்பிடித்தால் கரிந்த வாசனை மொத்தப் பாலுக்கும் ஏறிவிடும்.

இப்படி வரும் பாலில் புரதம் 3.3 சதவீதம் அளவில் இருக்கும், பசும்பாலுக்குச் சமம். குளிர்பெட்டியில் மூன்று நாள்.

சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். 250 கிராம் வரை தேறும், புரதமும் நார்ச்சத்தும் உள்ளது. அடை மாவில் நாலில் ஒரு பங்கு கலக்கலாம், கடலை மாவோடு சேர்த்து வடை தட்டலாம். ஆனால் நன்றாக வேக வேண்டும், பச்சையாகத் தயிர்ப்பச்சடியில் கலப்பதெல்லாம் கூடாது.

டோஃபு உதிர்வதற்கு வருகிறேன். மூன்றில் ஒன்று காரணம்: பால் நீர்த்திருக்கலாம், சூடு தப்பியிருக்கலாம், திரிக்கும் பொருள் வேகமாக வேலை செய்திருக்கலாம். உங்களுக்கு மூன்றும் என்று தோன்றுகிறது.

டோஃபுவுக்குப் பால் கெட்டியாக வேண்டும்: 250 கிராம் பருப்புக்கு 1.75 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. காய்ச்சிய பாலை 75 முதல் 80 டிகிரிக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால், கொதி நின்று ஏழெட்டு நிமிடம் மூடாமல் வைத்தால் அந்த இடத்துக்கு வரும். 90-ல் திரித்தால் ரப்பர் போலக் கரடாகும், 70-க்குக் கீழே போனால் கொழகொழவென்று நிற்கும்.

எலுமிச்சை அமிலம் தொட்ட இடத்திலேயே திரிக்கும், அதனால்தான் சின்னச் சின்னத் திரளாகி உதிர்கிறது. ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) மெல்லக் கரைந்து மெல்லத் திரிக்கும், ஒன்றோடொன்று பிடித்த கட்டி கிடைக்கும். 250 கிராம் பருப்புக்கு 6 கிராம் ஜிப்சம், 100 மில்லி தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கும் முன் பாலில் ஊற்றி, கரண்டியால் மூன்று சுற்று மட்டும் சுற்றி நிறுத்துங்கள். மேலே கிளறினால் கட்டி உடையும். மூடி வைத்து 15 நிமிடம். பிரிந்த நீர் தெளிந்த இளமஞ்சளாக இருந்தால் சரி. வெண்மையாக இருந்தால் இன்னும் ஒரு கிராம் கரைத்து ஓரமாக ஊற்றுங்கள். துணி விரித்த துளைத்தட்டில் அள்ளிப்போட்டு ஒன்றரைக் கிலோ எடையை 30 நிமிடம் வைத்தால் 350 முதல் 450 கிராம் வரை டோஃபு. தண்ணீரில் மூழ்க வைத்துத் தினம் தண்ணீர் மாற்றினால் நான்கைந்து நாள் தாங்கும்.

ஜிப்சம் வாங்கும்போது உணவுத் தரம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். உரக்கடை ஜிப்சமும் பொம்மை செய்யும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் அடுப்படிக்குள் வரக்கூடாது.

---

கடலைச்செடி

வந்துவிட்டேன் :)

சோயாவைச் சுற்றி இவ்வளவு வேலை எதற்கு என்பது என் கட்சி. நிலக்கடலை விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமே விளைவது, பச்சை வாசனைத் தொல்லை குறைவு. தயிருக்கு எருமைத் தயிர் போலக் கொழுப்பும் இருக்கும்.

உங்கள் தயிர் பிரிந்ததற்குக் காரணங்கள் இவையாக இருக்கும்.

வறுத்த கடலையில் செய்திருந்தால் புரதம் ஏற்கெனவே வெந்திருக்கும், உறையும் பிடிப்பு வராது. பச்சைக் கடலைதான் சரி. 150 கிராம், 6 முதல் 8 மணி நேரம் ஊறல், தோல் நீக்கம் (தோல் துவர்க்கும், நிறமும் கெடும்), 600 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து வடித்தல். இதையே குடிக்கும் பாலாக்க வேண்டுமானால் 750 மில்லி.

காய்ச்சும்போது பொங்கவிடக்கூடாது. ஆவி நன்றாகப் பறக்கும் 85 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் மேலே மிதந்து, திப்பி அடியில் போகும். அடியில் தண்ணீர் நிற்பதைத் தடுக்க ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, காய்ச்சும்போதே சேர்த்துவிடுங்கள். மரவள்ளி மாவு இன்னும் வழவழப்பாகக் கொடுக்கும்.

புளிப்பு ஏன் வரவில்லை? கடலையில் பால்சர்க்கரையே கிடையாது, வேறு சர்க்கரையும் குறைவு. பாக்டீரியாவுக்குத் தீனி இல்லாமல் எப்படிப் புளிக்கும்? 600 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை போடுங்கள். தயிர் இனிக்காது, அது பாக்டீரியாவின் பங்கு. 40, 42 டிகிரியில், அதாவது விரலை விட்டால் கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி 7, 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.

உறைக்குப் பால் தயிரையே ஒரு டீஸ்பூன் விடலாம், உங்கள் நோக்கத்துக்கு அது போதும். பால் வாடையே கூடாது என்பவர்கள் மிளகாய்க் காம்பில் ஆரம்பிப்பார்கள். காம்பில் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு. 100 மில்லி வெதுவெதுப்பான கடலைப்பாலில் குல்லாயோடு கிள்ளிய எட்டுப் பத்துப் பச்சை மிளகாய்க் காம்பு, 10 முதல் 12 மணி நேரம். இந்த முதல் உறையைச் சாப்பிடாதீர்கள். அதில் என்னென்ன வளர்ந்தது என்று சொல்ல முடியாது. அதிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து இரண்டாம் உறை, அதிலிருந்து மூன்றாம் உறை. அதற்குள் அமிலம் ஏறி வேண்டாதவை அடங்கும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கருப்புத் திட்டு, நூல் இழுப்பது, முட்டை வாடை, எது வந்தாலும் முழுசாகக் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் சிக்கனம் இங்கே உதவாது.

கடலை பொறுக்குவதில் சோம்பல் கூடாது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, கசப்பது எல்லாம் அஃப்ளடாக்சின் இருக்கக்கூடியவை. அந்த நச்சு நம் அடுப்புச் சூட்டில் அழியாது, அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. உடைத்து நாள்பட்ட பருப்பைவிட, ஓட்டோடு வாங்கி வீட்டில் உடைப்பது நல்லது.

---

உணவுக்கணக்கு

மேலே இருவரும் அடுப்படியைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் "பாலுக்கு மாற்று" என்று ஒரே பொருளைத் தேடுவதில்தான் சிக்கல் வருகிறது. பால் உங்கள் வீட்டில் நான்கு வேலை பார்க்கிறது: புரதம், கால்சியம், பி12 வைட்டமின், காபியின் நிறம். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் போட வேண்டும்.

*புரதம்.* பெரிய கவலை இல்லை. வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. சோயாப்பால் பசும்பாலுக்கு ஈடு. உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 26 கிராம் புரதம், பச்சை மட்டன் 125, 130 கிராமில் கிடைக்கும் அளவு. பிஞ்சுப் பலாக்காய் மட்டன் போல நாராக இருக்கிறது என்று பிரியாணியில் போடுகிறார்கள், போடுங்கள், ஆனால் அதில் 100 கிராமுக்கு 2 முதல் 3 கிராம்தான் புரதம். காளானும் ஏறக்குறைய அப்படித்தான். அது மெல்லும் சுகத்துக்கு, புரதம் தட்டில் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

*கால்சியம்.* இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பசும்பால் 100 மில்லியில் சுமார் 120 மில்லிகிராம். வீட்டுச் சோயாப்பாலில் 20, 25 மட்டுமே. கடலைப்பாலிலும் குறைவுதான், கடலைச்செடி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள் அரை லிட்டர் பாலை நிறுத்தினால் 600 மில்லிகிராம் போகிறது, தினத்தேவையோ 1000. ஈடுகட்ட ஒரு கணக்கு: கேழ்வரகு மாவு 50 கிராமில் சுமார் 170, முருங்கைக்கீரை 50 கிராமில் சுமார் 150, தோல் நீக்காத எள் ஒரு டேபிள்ஸ்பூனில் 100-க்குச் சற்று மேல், ஜிப்சத்தில் திரித்த டோஃபு 100 கிராமில் 200 பக்கம். எலுமிச்சையில் திரித்த டோஃபுவில் இந்த 200 கிடையாது. அம்மிக்கல் ஜிப்சம் சொன்னது பதத்துக்காக, எனக்கு அது கால்சியத்துக்காக. பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலில் சேர்வது 5 சதவீதம் அளவே. பாலில் 30 சதவீதம் சேர்கிறது. எள்ளின் தோலிலும் ஆக்சலேட் உண்டு, அதனால் எள்ளை மட்டுமே நம்ப வேண்டாம்.

கடைச் சோயாப்பால் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா என்று அட்டையில் பாருங்கள். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் நல்லது. சேர்த்த கால்சியம் அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குலுக்காமல் ஊற்றினால் கடைசிக் கோப்பைக்குத்தான் மொத்தமும்.

*பி12.* செடியில் இல்லை. இட்லி மாவு, நீராகாரம், கடலைத்தயிர் எதையும் இதற்கு நம்ப முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் மனித உடலில் வேலை செய்யாத போலி வகை, ரத்தப் பரிசோதனையையும் குழப்பும். நீங்கள் பாதியாகத்தான் குறைக்கிறீர்கள், மட்டனும் இருக்கிறது, ஆகவே வளர்ந்தவர்களுக்கு உடனே ஆபத்தில்லை. முழுதாக விடுபவர்களுக்குச் சயனோகோபாலமின் (பி12 மாத்திரை வடிவம்) தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். வாரக் கணக்கு ஏன் இவ்வளவு பெரிது என்றால், ஒரே நேரத்தில் அதிகமாக விழுங்கினால் குடல் சிறு பங்கைத்தான் எடுக்கும்.

உங்கள் மாமியார் கதை வேறு. மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 உறிஞ்சல் குறையும், வயதும் அதற்குத் துணைபோகும். பாலைக் குறைக்கும் முன்பே ஒருமுறை ரத்தத்தில் பி12 பார்த்து, மருத்துவரிடம் கேட்டு மாத்திரை தொடங்குவது நல்லது. கைகால் மரத்துப்போவதைச் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடுவார்கள், பி12 குறைவும் அதையே செய்யும். தைராய்டு மாத்திரை: வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். சோயாவுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி. சோயா தைராய்டைக் கெடுப்பதில்லை, மாத்திரையின் வழியை மறிக்கிறது, அவ்வளவுதான்.

*பிள்ளை.* 7 வயதில் பாதிப் பாலைக் கால்சியம் சேர்த்த சோயாப்பாலாக மாற்றலாம். பாதாம், அரிசி, தேங்காய்ப்பால் அந்த இடத்துக்கு ஆகாது, புரதம் மிகக் குறைவு. ஒரு வயதுக்குக் கீழே எந்தச் செடிப்பாலும் தாய்ப்பாலுக்கோ குழந்தைக்கான பால்மாவுக்கோ மாற்று ஆகாது. வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*எல்டிஎல்.* தினம் 25 கிராம் சோயாப்புரதம் எல்டிஎல்லை 3, 4 சதவீதம்தான் குறைக்கும். பலன் பெரும்பாலும் வேறு வழியில் வரும்: பன்னீர், மட்டன் கொழுப்பு போய் அந்த இடத்தில் கடலை, சோயா எண்ணெய் வருவதில். எனவே பசும்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்குத் தாவினால் கணக்கு தலைகீழாகும். தேங்காய்க் கொழுப்பின் பெரும்பகுதி நிறைகொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது. ஆப்பத்துக்கும் சொதிக்கும் இருக்கட்டும், தினம் டம்ளர் டம்ளராக வேண்டாம்.

ஆண்களுக்குச் சோயா ஆகாது என்று அடுத்த பின்னூட்டம் வருமுன் சொல்லிவிடுகிறேன்: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வழக்கமான அளவுச் சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை மாற்றவில்லை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் புரதம், பொட்டாசியம் அளவை மருத்துவரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது.

இன்னொன்று. "நான் டெய்ரி கிரீமர்" என்ற பொடியில் பலநேரம் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால்புரதம். பெயரை நம்பாமல் பொருள்பட்டியலைப் படியுங்கள். முழுக்கச் செடிவழி உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிகள் பச்சை நிற "வி" முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தன. பச்சைப் புள்ளி சைவத்துக்கு, அதில் பால் இருக்கலாம். அதே ஆணையத்தின் விதிப்படி செடிவழிப் பானத்தைப் "பால்" என்று விற்கக்கூடாது, அதனால்தான் அட்டையில் "சோயா பானம்" என்றிருக்கும். நாம் மட்டும் பால் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். தேங்காய்ப்பாலுக்குக் காலகாலமாக உள்ள பெயர் என்பதால் விலக்கு.

---

தடம்

பாதாம் கேள்விக்கு வருகிறேன். காணொளி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறது.

அடிக்கடி காட்டப்படும் எண்கள் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட உலகளாவிய தொகுப்பிலிருந்து வருபவை. ஒரு லிட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு சமானத்தில்: பசும்பால் 3.2 கிலோ, அரிசிப்பால் 1.2, சோயா 1.0, ஓட்ஸ் 0.9, பாதாம் 0.7. இதில் பாதாம் ஜெயிக்கிறது. தண்ணீரில்: பசும்பால் 628 லிட்டர், பாதாம் 371, அரிசி 270, ஓட்ஸ் 48, சோயா 28. அதிகத் தண்ணீர் குடிப்பதில் பாதாம் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டது. உலகப் பாதாமில் பெரும்பங்கு விளையும் கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்ததுதான்.

இப்போது லிட்டரை விட்டுப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். லிட்டர் பசும்பாலில் 32, 33 கிராம் புரதம், சோயாவிலும் அவ்வளவே, பாதாம் பாலில் 5 கிராம் அளவு. ஒரு கிராம் புரதத்துக்குப் பசும்பால் சுமார் 100 கிராம் கார்பன், சோயா 30, பாதாம் 140. பூமிக்கு நல்ல பாதாம் பால் பசும்பாலுக்கும் பின்னால் நிற்கிறது. காபிக்கு நிறம் கொடுக்க மட்டும் என்றால் லிட்டர் கணக்கு சரி. பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க என்றால் புரதக் கணக்குதான் கணக்கு. அரிசிப்பாலின் எண் கூடுவதற்கு நெல்வயல் காரணம்: தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் மக்குவது மீத்தேனாக வெளியேறும்.

இந்த எண்கள் உலகச் சராசரி, நம் ஊர் மாட்டுக்கு அப்படியே ஒட்டாது. நம் மாடு பெரும்பாலும் வைக்கோல், சோளத்தட்டை, புண்ணாக்கு தின்கிறது, அதற்கென்று காடழித்துத் தீவனம் போடுவது குறைவு. நிலக்கணக்கில் அது நமக்குச் சாதகம். மீத்தேன் கணக்கில் பாதகம். தினம் 4 லிட்டர் கறக்கும் மாடும் ஏப்பம் விடும், 20 லிட்டர் கறக்கும் மாடும் விடும். குறைவாகக் கறப்பதில் ஒரு லிட்டரின் தலையில் விழும் மீத்தேன் கூடுதல். நார்த்தீவனம் அதைக் கூட்டும். மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு வரை சூடேற்றும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் வானில் 12 ஆண்டு அளவே தங்கும். அதனால்தான் அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

உங்கள் வீட்டுக் கணக்கு: தினம் முக்கால் லிட்டரைச் சோயாவுக்கு மாற்றினால் வாரம் 5.25 லிட்டர், லிட்டருக்கு 2.2 கிலோ மிச்சம், ஆக வாரம் 11.5 கிலோ. மட்டனில் அரைக் கிலோ குறைத்தால், கிலோவுக்கு 20 என்று குறைவாக வைத்தாலும் 10 கிலோ. பன்னீர் கால் கிலோ குறைந்தால் அதற்குப் போகும் 1.3 லிட்டர் பாலின் பங்கு 4 கிலோ அளவு. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மட்டனையே பார்க்கிறார்கள், தினப்படிப் பாலும் அதற்குச் சளைத்ததல்ல. வீட்டில் 20 நிமிடம் காய்ச்சும் எரிவாயு லிட்டருக்கு 0.1 கிலோ அளவே சேர்க்கும், கவலைப்படாதீர்கள்.

"சோயா என்றால் அமேசான் காடு" என்பதற்கும் ஒரு வரி. அங்கே விளைவதில் பெரும்பங்கு கோழி, பன்றித் தீவனத்துக்குப் போகிறது. நம் கடையில் கிடைக்கும் சோயாப்பருப்பு பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் மானாவாரியாக விளைவது.

---

கடலைச்செடி

உணவுக்கணக்கு சொன்ன கால்சியம் குறைவை ஏற்கிறேன். தயிருக்குக் கடலை, குடிக்கச் சோயா என்று பிரித்துக்கொள்ளலாம். தயிர்சாதத்தில் ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி தூவினால் கொஞ்சம் ஈடாகும்.

---

பாதிப்பால்

எல்லோருக்கும் நன்றி. ஓட்ஸும் காபியும் மட்டும் பாக்கி. சோயாப்பாலும் டிகாக்ஷனில் ஊற்றியதும் திரிகிறது. மீல்மேக்கரில் ஒரு வாடை வருகிறது, அதற்கு என்ன வழி?

---

அம்மிக்கல்

மீல்மேக்கர் எளிது. உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம், பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி அலசிப் பிழியுங்கள். வாடையும், வாயுத்தொல்லை தரும் சர்க்கரைகளும் அந்தத் தண்ணீரோடு போகும். பிழிந்த பஞ்சு எதையும் குடிக்கும், ஆகவே உடனே இஞ்சி பூண்டு, மிளகு, கொஞ்சம் தயிரோ எலுமிச்சையோ சேர்த்து அரை மணி ஊறவிட்டு, சுக்காவாக வறுத்து எடுங்கள். பிழியாமல் குழம்பில் போட்டால் உள்ளே வெறும் தண்ணீர்தான், மசாலா ஏறாது.

ஓட்ஸ் கொழகொழப்புக்குக் காரணம் அதன் பீட்டா குளுக்கனும் (கரையும் நார்ச்சத்து) மாவுச்சத்தும். ஊறவைக்காதீர்கள், ஐஸ் தண்ணீர் விடுங்கள், 80 கிராமுக்கு ஒரு லிட்டர், 30 நொடிக்கு மேல் அரைக்காதீர்கள், துணியைப் பிழியாதீர்கள். இதைச் சுட வைத்தால் கஞ்சியாகத்தான் ஆகும். கடையில் விற்பது அப்படி ஆகாததற்குக் காரணம் அமைலேஸ் நொதி போட்டு மாவுச்சத்தை உடைத்துவிடுகிறார்கள். வீட்டில் அதற்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு உண்டு, வறுக்காததாக இருக்க வேண்டும், வறுத்தால் நொதி செத்துவிடும். ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சி, 60 முதல் 65 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் அந்த மாவைக் கலந்து அதே சூட்டில் 20, 30 நிமிடம் மூடிவையுங்கள். கஞ்சி கண்ணெதிரே நீர்த்து இனிக்கத் தொடங்கும். பின் ஒரு கொதிவிட்டு வடியுங்கள். நிறம் பழுப்பாகும், புரதம் சோயாவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த இனிப்பு சர்க்கரைதான், மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு ஏற்றதல்ல.

காபி. டிகாக்ஷனின் புளிப்பு பிஎச் 5 பக்கம் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), சோயாப்புரதம் திரியும் இடம் 4.5 பக்கம். சூடும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். குளிர்ந்த பாலைச் சூடான டிகாக்ஷனில் ஊற்றினால் முதலில் விழும் சில சொட்டுப் பால் முழு அமிலத்தையும் வாங்கிக்கொள்கிறது. வரிசையை மாற்றுங்கள். பாலை ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி டம்ளரில் முதலில் ஊற்றி, டிகாக்ஷனை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். அதற்கும் திரிந்தால் பாலில் டம்ளருக்கு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா, கடுகளவுதான், கூடினால் சோப்பு ருசி வரும். அடர்வறுவல் கொட்டையில் புளிப்பு குறைவு, சிக்கரி கலந்த தூளும் கைகொடுக்கும். நேற்றைய டிகாக்ஷன் நின்று நின்று புளிப்பேறியிருக்கும், அதைச் சோயாப்பாலோடு சேர்க்காதீர்கள்.